கல்வெட்டுகளால் ஒரு கடற்பேரரசை மீட்ட அறிஞர் ஜோர்ஜ் செடேஸ்

இந்து சமுத்திரத்திலிருந்து சீனக் கடலுக்குச் செல்லும் கப்பல்கள் பண்டுதொட்டு இரண்டு ஒடுங்கிய வாயில்களில் ஒன்றையே பெரிதும் நாடி வந்தன. ஒன்று மலாக்கா நீரிணை. மற்றையது சுண்டா நீரிணை. இவ்விரு வாயில்களுக்கும் காவலாக நீண்டு கிடப்பது சுமாத்திராத் தீவு. அத்தீவின் தென்பகுதியிலே, மூசி ஆற்றங்கரையிலுள்ள பலெம்பாங் நகரத்தில் தோன்றி, கி. பி. ஏழாம் நூற்றாண்டு தொடக்கம் பல நூற்றாண்டு காலம் கடலாட்சி நடத்திய மலாய்ப் பேரரசு ஸ்ரீவிஜயம். இன்று பாடசாலை மாணவரும் அறிந்த இப்பெயர், 1918ஆம் ஆண்டுக்கு முன் ஒரு பேரரசின் பெயராக வரலாற்று நூல்களில் இடம்பெற்றிருக்கவில்லை. அப்பேரரசின் வழிவந்த மக்களே அதனை மறந்துவிட்டிருந்தனர்.

உரோமருக்கும் சீனருக்கும் அவரவர் எழுதிவைத்த வரலாற்று நூல்கள் உண்டு. நம் இலங்கைக்கு மகாவமிசமும் சூளவமிசமும் உள. ஸ்ரீவிஜயத்துக்கோ அவ்வாறான நூலெதுவும் எஞ்சவில்லை. அங்கோர் போன்ற மாபெருங் கற்கோயில் நகரமும் அதன் தலைநகரில் எழவில்லை. கரையோரச் சேற்று நிலத்தில் மரத்தாலும் ஓலையாலும் கட்டப்பெற்ற நகரம் காலவெள்ளத்தில் அழிந்துபோயிற்று. எஞ்சியவை சில கற்களும், அயல்நாட்டு மன்னர் பொறித்த சில செப்பேடுகளும், சீன அரபுப் பயணிகளின் குறிப்புகளுமே. வெவ்வேறு மொழிகளில், வெவ்வேறு நாடுகளில் சிதறிக்கிடந்த இவற்றையெல்லாம் ஒன்று சேர்த்துப் படித்து, மறைந்த பேரரசொன்றை மீண்டும் உலகறியச் செய்தவர் ஜோர்ஜ் செடேஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர். அன்னாரின் வாழ்க்கை, கல்வியில் நாட்டமுள்ள இளைஞர் யாவரும் அறியத்தக்கது.

இளமையும் கல்வியும்

செடேஸ் 1886ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 10ஆம் நாள் பாரிஸ் நகரிலே பிறந்தார். அவர் பிறந்த காலத்தில் இந்தோசீன நாடுகள் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தன. அங்கோர் முதலிய இடங்களிலிருந்து எடுக்கப்பெற்ற கல்வெட்டுகளின் மைப்படிகள் பாரிஸ் நகரத்து அறிஞரிடம் வந்து குவிந்த வண்ணம் இருந்தன. அக்கல்வெட்டுகளிற் பல வடமொழியிலும் பழைய கெமர் மொழியிலும் அமைந்தவை. அவற்றின் எழுத்துகளோ தென்னிந்தியப் பல்லவர் காலத்து எழுத்தின் வழிவந்தவை. பாரிஸ் நகரத்து மாணவனொருவனை இவ்வெழுத்துகள் ஈர்த்தன. இளமையிலேயே அவர் வடமொழியையும் கெமர் மொழியையும் கற்கத் தொடங்கினார்.

1904ஆம் ஆண்டிலே, காம்போச மன்னன் இரண்டாம் பவவர்மனின் கல்வெட்டொன்றைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, தூரகிழக்கு ஆராய்ச்சிக்கான பிரெஞ்சுக் கல்லூரியின் வெளியீட்டில் அச்சேறிற்று. அப்போது அவருக்கு வயது பதினெட்டு அளவே. சக ஆண்டு 561, அதாவது கி. பி. 639இற்குரிய அக்கல்வெட்டை, வயது முதிர்ந்த அறிஞருக்கு நிகராக அவர் ஆராய்ந்திருந்தார். இரண்டாண்டுகளின் பின், 1906இல், தா புரோம் கோயிலின் நீண்ட கல்வெட்டை வெளியிட்டார். சில காலம் பாரிஸ் நகரத்திலே ஜேர்மன் மொழி கற்பிக்கும் ஆசிரியராகவும் பணிபுரிந்தார். ஆயினும் அவர் மனம் கீழைத்தேயத்தையே நாடிற்று. 1911ஆம் ஆண்டில் ஹனோய் நகரிலிருந்த அப்பிரெஞ்சுக் கல்லூரியிற் சேர்ந்து, தம் வாழ்வின் பெரும்பகுதியைக் கழிக்கவிருந்த ஆசிய மண்ணை அடைந்தார்.

1918ஆம் ஆண்டில் சீயநாட்டு அரசு அவரைப் பாங்கொக் நகரத்து வஜிரஞான தேசிய நூலகத்தின் பொறுப்பாளராக அமர்த்தியது. சீயநாட்டு வரலாற்றாய்வின் தந்தை எனப் போற்றப்படும் இளவரசர் தம்ரோங் அந்நூலகத்தின் தலைவராக இருந்தார். அவருடன் சேர்ந்து உழைக்கும் வாய்ப்புச் செடேசுக்குக் கிட்டியது. அவ்வாண்டிலேயேதான் அவர் புகழை நிலைநாட்டிய கட்டுரையும் வெளிவந்தது. ஸ்ரீவிஜய இராச்சியம் என்பதே அதன் தலைப்பு.

ஒரு பெயர்; இரண்டு பொருள்

அக்கட்டுரையின் சிறப்பை உணரவேண்டுமாயின், அதற்கு முன்னிருந்த நிலையை நாம் அறிதல் வேண்டும்.

சுமாத்திராவின் தென்கிழக்கே பங்கா என்னுந் தீவு உளது. அங்கே கோத்தா கப்பூர் என்னுமிடத்தில் 1892ஆம் ஆண்டு ஒரு கற்றூண் கண்டெடுக்கப்பட்டது. அதில் பழைய மலாய் மொழியில் பொறிக்கப்பட்ட சாசனம் சக ஆண்டு 608, அதாவது கி. பி. 686இற்குரியது. அரசுக்கு எதிராகச் சதி செய்வோர், நஞ்சிடுவோர், மந்திரந் தந்திரங்களால் பிறரைக் கெடுப்போர் ஆகியோர்மீது கடுஞ்சாபம் இடுவது அது. பணியாத யாவா நாட்டின்மீது படை புறப்பட்ட செய்தியுடன் அது முடிகிறது. ஒல்லாந்து நாட்டின் பேரறிஞர் கேர்ண் இச்சாசனத்தை 1913இல் வாசித்து வெளியிட்டார். அதிலுள்ள ஸ்ரீவிஜய என்னுஞ் சொல்லை ஓர் அரசனின் பெயரென்றே அவர் கொண்டார். ஸ்ரீ என்பது மதிப்புக்குரிய அடைமொழி, விஜயன் என்பது அரசர் பலர் தாங்கிய பெயர் என்று நோக்கின், அவ்வாறு கொண்டதில் வியப்பில்லை.

மறுபுறத்தே, தமிழ்நாட்டுச் சாசனங்களை ஆராய்ந்தோர் வேறொரு பெயரால் இடர்ப்பட்டனர். முதலாம் இராசராச சோழன் காலத்துச் செப்பேட்டுத் தொகுதியொன்றில், கடார நாட்டுக்கும் ஸ்ரீவிஷயத்துக்கும் அதிபதியான மன்னனொருவன் குறிக்கப்படுகிறான். விஷயம் என்னும் வடசொல் நாடு எனவும் பொருள்படுவது. ஆகவே ஸ்ரீவிஷயம் என்பது எந்த நாடு என்பது தெளிவாகவில்லை. சீன நூல்களிலோ ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளில் ஷி-லி-ஃபோ-ஷி என்றும், பத்தாம் நூற்றாண்டு முதல் சான்-ஃபோ-சி என்றும் தென்கடல் நாடொன்று பேசப்படுகிறது. அரபு மாலுமிகள் ஸ்ரிபுஸா என்றோர் இடத்தைக் கூறினர். இவையனைத்தும் தனித்தனியே கிடந்தன. மலாய்ச் சாசனம் படித்தோர் தமிழ்ச் சாசனம் படித்தாரல்லர். சீன நூல் பயின்றோருக்கு மலாயாக் கற்கள் எட்டவில்லை.

செடேஸ் இச்சான்றுகளை ஒருங்கே வைத்து நோக்கினார். மலாயாத் தீபகற்பத்தின் லிகோர்ப் பகுதியைச் சேர்ந்த, சக ஆண்டு 697 எனக் காலங் குறித்த கல்வெட்டொன்று, அதாவது கி. பி. 775இற்குரியது, ஸ்ரீவிஜயத்தின் அரசன் என்று பொருள்படும் தொடரால் ஒரு மன்னனைப் புகழ்கிறது. ஸ்ரீவிஜயம் என்பது மனிதனின் பெயராயின் இத்தொடருக்குப் பொருளே இராது. பதினோராம் நூற்றாண்டிற்குரிய நேபாளத்து ஏட்டுச் சித்திரமொன்றின் அடியில், ஸ்ரீவிஜயபுரத்து உலோகநாதர் என்ற குறிப்பு உளது; ஆகவே அது ஓர் ஊரின் பெயருமாகும். முதலாம் இராசேந்திர சோழனின் தஞ்சைச் சாசனம், அம்மன்னன் கடல் கடந்து வென்ற இடங்களுள் முதலாவதாக ஸ்ரீவிஜயத்தையே கூறுகிறது. இவ்வாற்றால், கோத்தா கப்பூர்த் தூணிலுள்ள ஸ்ரீவிஜயமும், சோழர் செப்பேட்டிலுள்ள ஸ்ரீவிஷயமும், சீனரின் ஷி-லி-ஃபோ-ஷியும், பின்னைய சான்-ஃபோ-சியும் ஒரே நாடே என்றும், அதன் தலைமையிடம் பலெம்பாங் என்றும் அவர் நிறுவினார்.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. சோழர் செப்பேடு கூறும் மன்னனின் பெயர் மாற விஜயோத்துங்கவர்மன். அவன் தந்தை சூளாமணிவர்மன். சீன அரசவைக் குறிப்புகளிலோ, 1003ஆம் ஆண்டில் தூதனுப்பிய சான்-ஃபோ-சி மன்னனின் பெயர் ஸெ-லி-சூ-லா-வூ-நி எனத் தொடங்குகிறது. 1008இல் தூதனுப்பியவன் பெயர் ஸெ-லி-மா-லா-பி என அமைகிறது. ஸ்ரீ சூளாமணி, ஸ்ரீ மாறவி என்னும் ஒலிகளைச் சீன எழுத்தில் வடித்தால் இவ்வாறே வரும். நாகபட்டினத்துக்கும் சீனத் தலைநகருக்கும் இடையிலுள்ள தூரம் பெரிது. இருநாட்டு எழுத்தரும் ஒருவரையொருவர் அறியார். அவ்வாறாயினும் தந்தையும் மகனும் இரண்டிடத்தும் அதே முறையில், அதே காலத்தில் காணப்படுகின்றனர். சான்று என்பது இவ்வாறு அமைதல் வேண்டும்.

மண்ணிலிருந்து வந்த சாட்சி

கட்டுரை வெளிவந்து இரண்டாண்டளவில் பலெம்பாங் மண்ணே சாட்சி கூறிற்று. 1920ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே அந்நகரை அடுத்த தலாங் தூவோ, கெடுக்கான் புக்கிட் என்னும் இரண்டு இடங்களில் இரண்டு கல்வெட்டுகள் வெளிப்பட்டன. இரண்டும் பழைய மலாய் மொழியில், பல்லவர் எழுத்தில் அமைந்தவை. இரண்டாவது கல்வெட்டு மலாய் மொழியின் மிகப் பழைய சாசனங்களுள் ஒன்றாகும்.

கெடுக்கான் புக்கிட் கல்வெட்டு கி. பி. 682இற்குரியது. தபுந்த ஹியாங் என்னுந் தலைவன் இருபதினாயிரம் பேர் கொண்ட படையுடன் புனித யாத்திரையாகப் புறப்பட்டு, வெற்றியும் செல்வமும் பெற்று ஒரு நகரத்தை அமைத்தமையை அது கூறும். சிலர் தோணியிலும் சிலர் தரைவழியாகவும் சென்றனராம். தலாங் தூவோக் கல்வெட்டு கி. பி. 684இற்குரியது. ஸ்ரீ ஜயநாசன் என்னும் மன்னன் அமைத்த ஸ்ரீக்ஷேத்திரம் என்ற நந்தவனத்தைப் பற்றியது அது. தென்னை, கமுகு, சவ்வரிசி தரும் பனை முதலிய மரங்களை நட்டு, அணைகளும் குளங்களும் அமைத்து, அவற்றின் பயன் எல்லா உயிர்க்கும் ஆகுக என்று அம்மன்னன் வேண்டுகிறான். மகாயான பௌத்தத்தின் கருத்துகள் அவ்வேண்டுதலில் நிறைந்துள்ளன. படை நடத்திய அரசு, இரண்டே ஆண்டுகளில் மரம் நட்டு மகிழ்வதை இக்கற்கள் காட்டுகின்றன.

சீனத் துறவி இ-ட்சிங் 671இல் கந்தோன் துறையிற் கப்பலேறி, இருபது நாட்களுக்குள் இந்நாட்டை அடைந்து, ஆறு மாதம் தங்கி வடமொழி இலக்கணம் பயின்றார். இந்தியா செல்லவிரும்பும் சீனத் துறவியர் முதலில் இங்கு தங்கிப் படித்துச் செல்லுதல் நன்று எனவும், இங்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட துறவியர் உளர் எனவும் அவர் குறித்தார். கல்வெட்டுகளின் காலமும் அத்துறவி கூறும் காலமும் இயைந்து நின்றன. ஸ்ரீவிஜயத்தின் மலாய்க் கல்வெட்டுகளை 1930ஆம் ஆண்டில் செடேஸ் மொழிபெயர்ப்புடன் ஒருங்கே வெளியிட்டார்.

அயலவர் கல்லில் அரசின் முகம்

ஸ்ரீவிஜயத்தின் உள்நாட்டுக் கல்வெட்டுகளிற் பெரும்பாலானவை ஏழாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியைச் சேர்ந்தவை. அதன் பின் வந்த நூற்றாண்டுகளின் வரலாற்றை அயல்நாட்டுச் சாசனங்களே பெரிதும் தாங்கி நிற்கின்றன. இவ்வரசு பிறநாட்டாருடன் கொண்ட உறவுதான் அதன் பெயரைக் காப்பாற்றிற்று என்பதைச் செடேசின் ஆய்வு முறை நமக்கு உணர்த்துகிறது. அவ்வுறவுகளை முறையே நோக்குவோம்.

முதலாவது, வங்கநாட்டுப் பாலர்களுடன் கொண்ட உறவு. 1921ஆம் ஆண்டில் நாலந்தாவிலே ஒரு செப்பேடு கிடைத்தது. சுவர்ணத்துவீப மன்னன் பாலபுத்திரதேவன் நாலந்தாவில் ஒரு விகாரை கட்டுவித்தான் என்றும், அவன் வேண்டுகோளின்படி பால மன்னன் தேவபாலன் அதற்கு ஐந்து கிராமங்களை அளித்தான் என்றும் அது கூறும். பாலபுத்திரனின் பாட்டன் யாவா நாட்டுச் சைலேந்திர மரபினன் என்பதும் அதனாற் புலனாகிறது. கடல்கடந்த நாட்டினின்றும் கல்வி கற்க வருவோர்க்கு நாலந்தாவில் இருப்பிடம் வேண்டியிருந்தது. அதனை அமைக்கக் கடல்வாணிகத்தின் செல்வம் உதவிற்று.

இரண்டாவது, சோழநாட்டுடன் கொண்ட உறவு. இது நட்பிலே தொடங்கிப் போராக மாறி, மீண்டும் நட்பாக முடிந்தது. முன்னர்க் குறித்த செப்பேட்டுத் தொகுதியில் இருபத்தொரு ஏடுகள் உள்ளன. ஒல்லாந்தர் காலத்தில் அவர் கைக்குச் சென்று, 1862இல் லைடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தமையால், அவை லைடன் செப்பேடுகள் என்றும், அவை கூறும் ஊரின் பெயரால் ஆனைமங்கலச் செப்பேடுகள் என்றும் வழங்கலாயின. ஏடுகளில் ஒரு பகுதி வடமொழி, பெரும்பகுதி தமிழ். கடாரத்து மன்னன் தன் தந்தை பெயரால் நாகபட்டினத்தில் எழுப்பிய சூளாமணிவர்ம விகாரைக்கு, இராசராசன் தன் இருபத்தோராம் ஆட்சியாண்டில், அதாவது 1005 – 1006 அளவில், ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக விட்டமையை அவை கூறும். தஞ்சையிலே சிவபெருமானுக்குப் பெருங்கோயில் எடுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், அச்சைவப் பேரரசன் பௌத்தப் பள்ளிக்கு ஊர் கொடுத்தான். அவன் மறைந்த பின் அவ்வறம் நிலைபெறுமாறு மகன் இராசேந்திரன் அதனைச் செப்பேட்டில் வெட்டுவித்தான்.

மறுதலையாக, பௌத்த மன்னனும் சிவாலயத்தை மறந்தானல்லன். நாகபட்டினத்துக் காரோணத் திருக்கோயிலில் 1956 அளவிற் கண்டறியப்பட்ட கல்வெட்டுகள், இராசேந்திரன் ஆட்சியின் முற்பகுதியில் ஸ்ரீவிஜயத்து அரையனின் முகவர் அக்கோயிலுக்கு வெள்ளித் திருமேனியும் அணிகலனும் வழங்கியமையைக் கூறுகின்றன. சீனக் கனகம், அதாவது சீனத்துப் பொன்னும், கடாரத்து அரையன் சார்பில் அளிக்கப்பட்டது. துறைமுகத்தில் வாணிகஞ் செய்வோர் அத்துறைமுகத்தின் தெய்வத்தையும் வணங்கினர் என்பது இதனால் விளங்கும். சீனப் பொன் சுமாத்திரா வணிகர் கைவழியே சோழநாட்டுக் கோயிலை அடைந்த அந்த ஒரு செய்தியில், அக்காலக் கடல்வாணிகத்தின் முழுப்பாதையும் அடங்கியிருக்கிறது.

அதே இராசேந்திரன்தான் 1025 அளவில் பெருங்கப்பற்படையை அனுப்பி, ஸ்ரீவிஜய மன்னன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைச் சிறைப்பிடித்து, வித்தியாதர தோரணத்தையும் பெருஞ்செல்வத்தையும் கவர்ந்தான். தஞ்சைச் சாசனத்திலே ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் முதலிய இடங்கள் வரிசையாகக் கூறப்படுகின்றன. இவற்றுட் பலவற்றை இன்றைய சுமாத்திரா, மலாயா, நிக்கோபார்ப் பகுதிகளில் இனங்காணச் செடேஸ் பெரிதும் உழைத்தார். பகைவன் வெட்டுவித்த வெற்றிப்பட்டியல், ஸ்ரீவிஜயத்தின் ஆதிக்கம் எவ்வெவ் விடங்களில் பரவியிருந்தது என்பதை அறிவதற்குச் சிறந்த சான்றாயிற்று.

போரின் பின் உறவு அற்றுவிடவில்லை. முதலாம் குலோத்துங்கனின் இருபதாம் ஆட்சியாண்டாகிய 1090 அளவில், கடாரத்து அரசன் அனுப்பிய இரு தூதர், நாகபட்டினத்துப் பள்ளிகளுக்குரிய ஊர்களுக்கு வரிவிலக்கு வேண்டிப் பெற்றனர். இதனைக் கூறுவது லைடன் சிறிய செப்பேடு. அப்பள்ளிகளில் ஒன்றன் பெயர் இராசராசப் பெரும்பள்ளி. மற்றொன்றன் பெயர் இராசேந்திரசோழப் பெரும்பள்ளி. கடாரத்தை வென்றவன் பெயர் தாங்கிய பள்ளிக்காகக் கடாரத்தின் தூதரே வந்து வேண்டினர். மன்னர் போரிட்டனர், பள்ளியின் விளக்கு அணையவில்லை. அரசர் பகையினும் கடல்வழி வாணிகமும் சமயவுறவும் நீண்ட ஆயுளுடையன என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை.

இதே காலத்தில் சுமாத்திராவின் மேற்குக் கரையில் கருப்பூரத்துக்குப் பெயர்போன பாரூஸ் துறையில், தமிழ் வணிகர் தம் கல்லை நாட்டினர். சக ஆண்டு 1010, அதாவது கி. பி. 1088இற்குரிய அத்தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் கணத்தாருடையது. அத்துறைக்கு வரும் மரக்கலநாயகர் முதலியோர் கஸ்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன்னாகத் தீர்வை செலுத்தவேண்டுமென அது விதிக்கிறது.

மூன்றாவது, நம் இலங்கையுடன் தொடர்புடையது. 1927இல் ஸ்ரீவிஜயத்தின் வீழ்ச்சி பற்றிச் செடேஸ் ஓர் ஆய்வுரை எழுதினார். மலாயாத் தீபகற்பத்துச் சையாவைச் சேர்ந்த 1230ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று, தாம்பிரலிங்க நாட்டு மன்னன் சந்திரபானுவைப் புகழ்கிறது. தஞ்சைச் சாசனம் கூறும் மாதமாலிங்கமே இந்நாடு. இராசேந்திரன் காலத்தில் ஸ்ரீவிஜயத்தைச் சார்ந்திருந்த நாடு, 1230இல் தன்னாட்சி பூண்டு நிற்பதைச் செடேஸ் சுட்டினார். அம்மன்னனே, தம்பதெனியாவில் இரண்டாம் பராக்கிரமபாகு ஆண்ட காலத்தில், 1247 அளவில் இலங்கைமீது படையெடுத்தவனாகச் சூளவமிசம் கூறும் சாவகமன்னன் சந்திரபானு என்பதையும் அவர் இனங்கண்டார். பாண்டியர் சாசனங்களும் சாவகனைப் பற்றிப் பேசுகின்றன. நம் சாவகச்சேரியின் பெயரை இச்சாவகரோடு இணைத்துக் கூறுவாரும் உளர். சீயநாட்டுக் கல், இலங்கைப் பாளிநூல், பாண்டியர் கல்வெட்டு ஆகிய மூன்றும் கூடியே இவ்வரலாற்றை முழுமையாக்கின.

பிற்கால வாழ்க்கை

ஸ்ரீவிஜயம் செடேசின் பெரும்பணிகளில் ஒன்றுமட்டுமே. சீயநாட்டிலிருந்த காலத்தில் அந்நாட்டுக் கல்வெட்டுகளை 1924இலும் 1929இலும் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அங்கோர்த் தோமின் பயோன் கோயில் முன்னையோர் எண்ணியதிலும் மிகப் பிற்பட்டது என்பதையும், அது ஏழாம் ஜயவர்மனின் பணி என்பதையும் 1928 அளவிற் கல்வெட்டுச் சான்று கொண்டு நிலைநாட்டினார். 1929இல் ஹனோய்ப் பிரெஞ்சுக் கல்லூரியின் இயக்குநரானார். அவர் தலைமையின் கீழ், யாவாவிலே ஒல்லாந்தர் கையாண்ட முறையைப் பின்பற்றி, விழுந்த கற்களை அவையவை இருந்த இடத்திலேயே மீண்டும் அடுக்கும் பணி 1931இல் பந்தியாய் ஸ்ரெய்க் கோயிலிலே தொடங்கிற்று. காம்போச நாட்டுப் பெண்மணியொருவரை மணந்து, அம்மக்களுள் ஒருவராகவே அவர் வாழ்ந்தார்.

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. இந்தோசீனத்தில் யப்பானியப் படைகள் நிலைகொண்டிருந்தன. ஐரோப்பாவுடன் தொடர்பு அற்றுப்போன அந்நாட்களிலே, 1944இல், ஹனோயில் அவர் பெருநூல் வெளியாயிற்று. தூரகிழக்கின் இந்துமயமான நாடுகளின் பண்டைய வரலாறு என்பது அது. பர்மா, சீயம், காம்போசம், சம்பா, மலாயா, சுமாத்திரா, யாவா ஆகிய நாடுகளின் கதையைத் தனித்தனியே கூறாது, ஒரே காலவோட்டத்தில் வைத்துக் கூறிய முதற் பெருநூல் எனலாம். பின்னர் 1948இலும் 1964இலும் அதனைத் திருத்தி வெளியிட்டார். 1968இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது.

1946இல் இயக்குநர் பதவியினின்றும் நீங்கிப் பாரிஸ் நகருக்கு மீண்டார். அங்கும் கற்பித்தலையும் எழுதுதலையும் விட்டாரல்லர். 1958இல் பிரான்சின் கல்வெட்டு இலக்கியக் கழகத்தின் உறுப்பினராகத் தெரிவானார். காம்போசக் கல்வெட்டுகளை எட்டுத் தொகுதிகளாக வெளியிடும் பணியை 1937இல் தொடங்கி 1966இலேயே நிறைவு செய்தார். தொடங்கியபோது அவர் வயது ஐம்பத்தொன்று அளவு, முடித்தபோது எண்பது. 1969ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் நாள் அவர் காலமானார்.

ஆய்வின் வழி

செடேஸ் கூறியன அனைத்தும் அவ்வாறே நின்றனவல்ல. கெடுக்கான் புக்கிட் கல்வெட்டின் காலத்தை அவர் 683 எனக் கொண்டார். பின்வந்தோர் 682 எனத் திருத்தினர். ஸ்ரீவிஜயத்தின் தலைமையிடம் பலெம்பாங் என்பதை அவர் காலத்திலேயே மறுத்தோர் உளர். மலாயாத் தீபகற்பத்தைச் சிலரும், யாவாவைச் சிலரும் சுட்டினர். 1974இல் பலெம்பாங்கில் அகழ்ந்து பார்த்தோர் பண்டைய நகரத்தின் சுவடே இல்லை என்றனர். எனினும் 1980கள் தொட்டு இந்தோனேசிய, பிரெஞ்சு ஆய்வாளர் தொடர்ந்து அகழ்ந்து, மட்பாண்டங்களும் சீனக் கலங்களும் கட்டிடச் சிதைவுகளும் கண்டு, ஏழாம் நூற்றாண்டு முதலே அங்கு பெருநகரம் இருந்தமையை மெய்ப்பித்தனர். பழுதின்றிப் படிக்கப்பட்ட கல்வெட்டின் சாட்சியை மண்ணும் ஈற்றில் ஒப்புக்கொண்டது.

மற்றொரு திருத்தம் இன்னும் ஆழமானது. இந்தியப் பண்பாடு கடல்கடந்து சென்று அந்நாடுகளை ஆக்கியது என்னும் நோக்கு செடேசின் நூலில் மேலோங்கி நிற்கிறது. பின்வந்த அறிஞர், மலாய் மக்களும் யாவா மக்களும் தாமே கப்பல் கட்டிக் கடலோடி, தமக்கு வேண்டியவற்றைத் தெரிந்தெடுத்துத் தம் வழியில் அமைத்துக்கொண்டனர் என்பதை வலியுறுத்தினர். கல்வெட்டுகளை மீண்டும் படிக்குமிடத்து இவ்வுண்மை விளங்கும். எழுத்துப் பல்லவருடையதாயினும் மொழி மலாய். நாலந்தாவில் விகாரை கட்டியவனும், நாகபட்டினத்தில் பள்ளி எழுப்பியவனும் சுமாத்திராவிலிருந்து வந்தோரே. நம் முன்னோர் கடல்கடந்த பெருமையைப் பேசும் நாம், அதே கடலைக் கடந்து நம் துறைகளுக்கு வந்த அவர்தம் பெருமையையும் உடன் பேசுதல் முறையாகும்.

இளைஞர்க்குச் செடேஸ் விட்டுச்சென்ற செல்வம் அவருடைய முடிவுகளினும் அவருடைய வழியே. அவர் புதிய கல்லொன்றையும் தோண்டியெடுத்து ஸ்ரீவிஜயத்தைக் கண்டாரல்லர். அனைவரும் அறிந்த சான்றுகளையே, பிறர் கல்லாத மொழிகளையும் கற்று, ஒன்றோடொன்று ஒப்புநோக்கினார். தமிழ்ச் சாசனத்தின் ஐயத்தை மலாய்ச் சாசனம் தீர்த்தது. மலாய்ச் சாசனத்தின் ஐயத்தைத் தமிழ்ச் சாசனமும் வடமொழிச் சாசனமும் தீர்த்தன. நம் நாட்டிலும் தமிழிலும் சிங்களத்திலும் பாளியிலும் வடமொழியிலும் சாசனங்கள் உள. அவற்றுள் ஒரு மொழியை மட்டுங் கற்றோன் வரலாற்றின் ஒரு பக்கத்தையே காண்பான். ஊர்க்கோயிற் கருங்கல்லில் எழுத்தைக் கண்டால் அதன்மேற் சுண்ணம் பூசாது காத்தலும், அயலவர் மொழியையும் ஆர்வத்துடன் கற்றலும் நம் சங்கத்து இளைஞர் இன்றே தொடங்கத்தக்க பணிகளாகும்.